மில்லுக்குள்ள ஒரு வீடு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல பழைய ஃபேக்டரி கட்டடத்துல லாஃப்ட் வீடு வாங்குறது பத்தி எழுதினதும், லாஃப்ட்னா பழைய பாத்திரம் ஏத்தி வைக்கிற பரண்தானேன்னு ஒரு பெரியவர் கேட்டிருந்தார். பேரு அதேதான் சார், ஆனா இது வேற, பழைய ஃபேக்டரியோட உசரமான மாடியையே வீடா மாத்திக்குறது. நியூயார்க் சோஹோ பக்கம் காலியா கெடந்த ஃபேக்டரி மாடிகள்ல வாடகை கம்மின்னு ஓவியர்கள் சட்டத்தை மீறி குடியேறி, அது ஃபேஷன் ஆகி, கடைசில 1982ல லாஃப்ட் சட்டம்னே ஒண்ணு போட வேண்டி வந்துச்சு. சரி, கேள்விக்கு வருவோம்.

நாங்க வாங்கியிருக்குறது பழைய ஸ்பின்னிங் மில்லோட மூணாவது மாடி. சுவர்ல பெயின்ட், அதுக்கு கீழ பூச்சு, அதுக்கும் கீழ செங்கல். எனக்கு செங்கல் தெரியணும். சாண்ட்பிளாஸ்ட் பண்ணி, அதாவது மணலை வேகமா பீச்சியடிச்சு சுரண்டி, சிமென்ட் வச்சு இடுக்கை அடைச்சு, வார்னிஷ் அடிச்சா பளபளன்னு ஆயிடும்னு கான்ட்ராக்டர் சொல்றார். பண்ணலாமா சார்?

வேண்டாம்மா. அவர் சொன்ன மூணுமே சுவருக்கு ஆகாது. சூளையில வேகும்போது செங்கல்லோட வெளித்தோல்தான் நல்லா கெட்டிப்படும், சாண்ட்பிளாஸ்ட் அந்தத் தோலையே உரிச்சு எடுத்துடும், அப்புறம் உள்ள இருக்குறது பிஸ்கட் மாதிரி தண்ணி குடிக்கும், கை வச்சா மாவா கொட்டும். நானும் ஆரம்ப காலத்துல ஒரு சுவரை இப்படி கெடுத்திருக்கேன், அந்த வீட்டுக்காரம்மா தினமும் சோஃபாவை துடைச்சுட்டே இருந்தாங்க.

அடுத்தது சிமென்ட். பழைய மில் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவையில கட்டுனது, அது செங்கல்லை விட மெத்துன்னு இருக்கும், சுவர்ல ஏறுற ஈரம் அந்த இடுக்கு வழியாத்தான் வெளிய போகும். நீங்க சிமென்ட் வச்சு இறுக்கிட்டா ஈரத்துக்கு வேற வழி இல்ல, செங்கல் வழியாவே வரும், உப்பு பூக்கும், நாலஞ்சு வருஷத்துல முகம் பேந்து விழ ஆரம்பிக்கும். கட்டடம் கொஞ்சம் அசைஞ்சாலும் விரிசல் இடுக்குல விழாம செங்கல்லைப் பிளக்கும். இடுக்குக் கலவையை சுரண்டிட்டு மறுபடி பூசிக்கலாம், செங்கல்லை என்ன பண்ணுவீங்க? அதனால சுண்ணாம்புக் கலவை தெரிஞ்ச கொத்தனாரா பாருங்க. வார்னிஷும் இதே கதைதான், சுவருக்கு பாலிதீன் கவர் போட்ட மாதிரி.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு, அந்தப் பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணாம யாரையும் உப்புத்தாள் போட விடாதீங்க. வீட்ல குழந்தை இருந்தா அந்த தூசி ரொம்ப ஆபத்து. பைப் மேல சுத்தியிருக்குற பழைய வெள்ளைப் பொதியையும் கத்தி வச்சு கிழிச்சுப் பாக்காதீங்க, அஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு அதிகம், அதை எடுக்க அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆளுங்க வரணும்.

என் யோசனை: உள்பக்க சுவர் ஏதாவது ஒண்ணை மட்டும் செங்கல்லா விடுங்க, வெளிச்சுவருக்கு சுண்ணாம்புப் பூச்சு இருக்கட்டும். வெயிலும் குளிரும் அந்த சுவர் வழியாத்தான் வரும், பூச்சையும் உரிச்சுட்டு அப்புறம் ஏசி பத்தலன்னு புலம்பக் கூடாது.

சீலிங் உயரம் 4.3 மீட்டர். நடுவுல ஒரு மெசனைன், அதாவது இடைத்தளம் போட்டு, கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு ரூம் எடுக்கலாமா?

கணக்கு போட்டுப் பாருங்க சார். தளத்தோட தடிமன் பீம் எல்லாம் சேத்து 25 சென்டிமீட்டர் போச்சு, மிச்சம் 4.05. பாதியாக்குனா ரெண்டு பக்கமும் 2 மீட்டர் சொச்சம், லைட் மாட்டுனா தலை இடிக்கும். அதுக்கு பதிலா கீழ 2.4 விட்டுட்டு மேல 1.65ல படுக்கை மட்டும் வைங்க, அங்க யாரும் நிமிர்ந்து நிக்கப் போறதில்ல. ஆனா சூடு மேலதான் தேங்கும், ஃபேன் இல்லாம தூக்கம் வராது. புகையும் அப்படித்தான் மேல ஏறும், அதனால மாடிப்படி கிச்சனை ஒட்டி இறங்கக் கூடாது, மேல ஸ்மோக் அலாரம் கண்டிப்பா வேணும். ஃபேக்டரி தரை மிஷினைத் தாங்குனதுதானே, எவ்வளவு வேணா ஏத்தலாம்னு ஒரு பேச்சு இருக்கு, வீட்டுத் தரையை விட அது அதிகம் தாங்கும்ங்குறது நெஜம்தான், ஆனா உங்க மெசனைன் எடை நாலு கால் வழியா நாலு புள்ளியில இறங்கும், அந்தப் புள்ளிக்கு கீழ பீம் இருக்கா வெறும் தளமான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்து கையெழுத்து போடட்டும்.

பாத்ரூமை ஹால் நடுவுல கொண்டு வரணும். டிரெயின் பைப் 6 மீட்டர் தள்ளி சுவரோரமா இருக்கு.

கழிவு பைப்புக்கு வாட்டம் வேணும், 40க்கு 1னு வச்சா 6 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர், பைப் தடிமனும் சேந்தா பாத்ரூம் தரையே 30 சென்டிமீட்டர் கிட்ட உசரும். நடுராத்திரி அந்த ரெண்டு படியில தடுக்கி விழுவீங்க. தளத்தை வெட்டுறதும் நடக்காது, அது எல்லாருக்கும் பொது. பம்ப் வச்சு தள்ளலாம், ஆனா சத்தம், கரன்ட் போனா டாய்லெட்டும் போச்சு. சுவரோரமாவே வைங்க.

வீட்டு நடுவுல உருண்டையா ஒரு இரும்புத் தூண் இருக்கு. அதுல வெல்டிங் வச்சு பஞ்சிங் பேக் மாட்டலாமா?

தொடாதீங்க தம்பி. பழைய மில்லுல அப்படி இருந்தா அது வார்ப்பிரும்பா இருக்கத்தான் வாய்ப்பு. மேலருந்து வர்ற எடையை சலிக்காம தாங்கும், ஆனா இழுப்பு, குத்து, வெல்டிங் சூடு எதையும் தாங்காம பட்டுன்னு விரியும். ஸ்டாண்ட் வச்ச பேக் வாங்கிக்கோங்க, அடியில தடிமனா ரப்பர் மேட் போட்டு, ஏன்னா உங்க தரைதான் கீழ் வீட்டுக்காரருக்கு சீலிங்.