மழைக்கு முன் அசோசியேஷன் பணத்தை எதில் போடுவது?

கேள்வி: வேளச்சேரியில் எங்களுடையது 14 ஃப்ளாட் உள்ள குடியிருப்பு. 2003-ல் கட்டியது. தரைத்தளத்தில் இரண்டு வீடும் கார் பார்க்கிங்கும், மேலே மூன்று மாடி. போன மாதம்தான் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு ஓனர், 'படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் மொட்டைமாடி முழுக்க வாட்டர்புரூஃபிங் செய்தே ஆக வேண்டும்' என்கிறார். தரைத்தளத்துக்காரர்களோ, 'போன மழையில் எங்கள் பாத்ரூம் வழியாகச் சாக்கடை ஏறியது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மொட்டைமாடிக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?' என்கிறார்கள். கையிருப்பு ஒன்றரை லட்சம்தான். எதை முதலில் செய்வது? சண்டை இல்லாமல் எப்படிச் செய்வது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங்கை இப்போது செய்யாதீர்கள். மூன்றாம் மாடிக்காரருக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் அவர் நன்மைக்காகவே சொல்கிறேன். இப்போது ஆவணி முடியப்போகிறது. சென்னையில் இந்த மாதங்களில் சாயங்காலம் இடி மழை சகஜம். தளம் மேலே காய்ந்ததுபோல் தெரியும்; மேலே பதித்த தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லி ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அதன்மேல் கெமிக்கல் பூச்சு அடித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெயிலில் ஆவியாகி, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். அப்படி ஒரே மழைக்காலத்தில் உரிந்து போன பூச்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு மாசி, பங்குனி, சித்திரைதான் காலம். கூரை பல வாரம் தொடர்ந்து காய்ந்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதையொட்டித் தீபாவளி வேறு வருகிறது; கொத்தனாரும் பிளம்பரும் ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். ஆக உங்களுக்கு இருப்பது ஐந்து வாரம். அதற்குள் செய்ய வேண்டியது தண்ணீர் போகிற வழியைத் திறந்துவிடுகிற வேலை.

உங்கள் மொட்டைமாடி 3,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அதில் விழுவது சுமார் 28,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கும் மேல். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அந்தக் கணக்கில் பதினொரு லாரி தண்ணீர் உங்கள் தலைக்கு மேல் வந்து விழும். குழாய் வாய் அடைத்திருந்தால் அது மேலே தேங்கி மூன்றாம் மாடிக் கூரையில் இறங்கும். குழாய் சரியாக இருந்து கீழே போக வழி இல்லாவிட்டால் அதே தண்ணீர் தரைத்தள வாசலில் நிற்கும். உங்கள் குடியிருப்பில் சண்டை போடும் இரண்டு வீட்டாருக்கும் பிரச்சினை ஒரே தண்ணீர்தான். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

சரி, மொட்டைமாடியிலிருந்து தொடங்குவோம். அடுத்த முறை சாயங்காலம் ஒரு மழை பெய்ததும், மறுநாள் காலை காபி குடித்த கையோடு ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். எங்கெல்லாம் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறதோ, அதன் ஓரத்தைச் சுற்றி கோடு போடுங்கள். போட்டோ எடுங்கள். பழைய கட்டடங்களில் தளம் இறங்கி, கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்கிற சரிவு கெட்டுப் போயிருக்கும். தண்ணீர் குழாயை நோக்கி ஓடாமல் நடுவில் நின்றுவிடும். அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் படுக்கையறை ஒழுகுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு காரணம் இருக்கலாம். மழையே இல்லாத வாரத்திலும் கூரையில் ஓதம் காயாமல் இருந்தால், மேல்நிலைத் தொட்டியோ அதிலிருந்து வரும் குழாயோ கசிய வாய்ப்பு அதிகம். அதற்கு லட்ச ரூபாய் தேவையில்லை, ஒரு நல்ல பிளம்பர் போதும். கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்றும் அந்த வீட்டில் பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தின் கீழே கட்டில் போட வேண்டாம். பொறியாளர் ஒருவரை உடனே வரச் சொல்லிக் காட்டுங்கள்.

அப்புறம் மழைநீர்க் குழாய் வாய்கள். ஒவ்வொன்றின் ஜல்லடை மூடியையும் கழற்றிக் கையை விட்டுப் பாருங்கள். மாஞ்சா நூல், காக்கை போட்ட எலும்பு, வடாம் காயவைத்த பிளாஸ்டிக் ஷீட்டின் துண்டு, பழைய தேங்காய் நார், அதன்மேல் படிந்த கறுப்புச் சேறு எல்லாம் வரும். சுத்தம் செய்தபின் ஒவ்வொரு வாயிலும் இரண்டு பக்கெட் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுங்கள்; கீழே ஒருவர் நின்று எவ்வளவு நேரத்தில், எங்கே வந்து விழுகிறது என்று பார்க்கட்டும். வரவே இல்லையென்றால் நடுவில், பெரும்பாலும் குழாய் வளைகிற 'முழங்கை'யில், அடைப்பு. கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் இலையை மட்டும் கிள்ளாதீர்கள். வேரோடு எடுத்து, அந்த வெடிப்பைக் கலவை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையில் வெடிப்பு இருந்தால் அதையும் இதோடு பூசிவிடலாம். மூன்றாம் மாடிக்காரருக்கு இந்த மழைக்குக் கிடைக்கிற நிவாரணம் இதுதான். பல வீடுகளில் ஒழுகல் இதிலேயே குறைந்துவிடும்.

கீழே வந்தால், மழைநீர் சேகரிப்பு. 2003-ல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கினார்கள். உங்கள் கட்டடம் அந்த வருடத்தது என்பதால் மழைநீர் இறங்கும் கிணறோ குழியோ இருக்க வேண்டும். கடைசியாக எப்போது திறந்தீர்கள்? மேலே போட்ட கூழாங்கல்லும் மணலும் சேறாகி இறுகிவிட்டால், தண்ணீர் இறங்காது, முற்றத்தில் நிற்கும். கல்லை வாரி வெளியே போட்டுக் கழுவித் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஆனால் வேளச்சேரிக்கு இது மட்டும் போதாது. பெசன்ட் நகர்போல் கடற்கரை மணல் உள்ள இடத்தில் எவ்வளவு பெய்தாலும் மண் குடிக்கும். உங்கள் பக்கம் களிமண். பக்கத்திலேயே ஏரி, சதுப்புநிலம். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறியபின் கிணறு ஒரு சொட்டு வாங்காது. அதனால் கிணற்றிலிருந்து தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஒரு வழிவு குழாய், அதாவது கிணறு நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் குழாய், இருக்கிறதா என்று பாருங்கள். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு உங்கள் வாசல் பள்ளமாகியிருந்தால் அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அதற்கும் தண்ணீரை வெளியே மட்டும் போகவிடும் ஒரு மூடி வேண்டும். வெளியே வடிகால் அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913-க்கு இப்போதே சொல்லிப் புகார் எண் வாங்கி வையுங்கள்.

இனி தரைத்தளத்து பாத்ரூம். அவர்கள் கோபம் நியாயமானது. மழையில் சாக்கடை எதிர்த்து வீட்டுக்குள் ஏறுவதற்கு ஒரு முக்கியக் காரணம், மழைத்தண்ணீரை மக்களே சாக்கடையில் விடுவது. 2015-ல் நான் குடியிருந்த தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. யாரோ நல்லெண்ணத்தில் கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்தார்கள். தெருவில் தண்ணீர் சரசரவென்று வடிந்தது; எல்லாருக்கும் சந்தோஷம். அரை மணி நேரத்தில் எங்கள் தரைத்தளத்தில் தனியாக இருந்த ஒரு பாட்டியின் கழிப்பறையிலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டு வந்து, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு வரை ஏறியது. அந்த வீட்டைக் கழுவ நாங்கள் ஆறு பேர் இரண்டு நாள் உழைத்தோம். அதற்குப் பிறகு மேன்ஹோல் மூடியில் யாரையும் கை வைக்க நான் விட்டதில்லை. திறந்த மேன்ஹோல் தண்ணீருக்கடியில் தெரியாது, நடந்து வருகிறவர் விழுந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

உங்கள் காம்பவுண்டில் மொட்டைமாடிக் குழாய் எதையாவது சாக்கடைத் தொட்டியோடு இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வியக்கும் அளவுக்குப் பல கட்டடங்களில் இருக்கும். அதைத் துண்டியுங்கள். அடுத்து, தெருச் சாக்கடைக்குப் போகும் கடைசித் தொட்டியில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ளிருந்து வெளியே போகும், வெளியிலிருந்து உள்ளே வராது. ஆனால் அது மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேல்மாடிக்காரர்கள் வாஷிங் மெஷின் போட்டால் அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தரைத்தளத்தில்தான் பொங்கும். இதை எல்லா வீட்டுக்கும் சொல்லியே ஆக வேண்டும். வால்வு போடும்வரை, கனமழை அறிவிப்பு வந்தால் தரைத்தளக் கழிப்பறையிலும் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜல்லடை மேலும் கெட்டியான பையில் கட்டிய மணல் மூட்டையை வைத்து அழுத்துங்கள்.

இந்த வேலைகளில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாக்கடைத் தொட்டிக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 'ஐந்து நிமிஷ வேலைதான்' என்று அவரே சொன்னாலும் வேண்டாம். விஷவாயு ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்வதில்லை. குடிநீர் வாரியத்தின் இயந்திர வண்டிக்குச் சொல்லுங்கள். வெகுநாள் மூடியிருந்த தண்ணீர் சம்பில்கூடக் காற்று இருக்காது. திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

பணம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். மொட்டைமாடி, மழைநீர்க் குழாய், சாக்கடை இணைப்பு எல்லாமே பொதுப் பகுதி. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் கூரையைப் பொதுவாகத்தான் பார்க்கிறது. எதற்கும் விற்பனைப் பத்திரத்தையும் உங்கள் சங்க விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சில பத்திரங்களில் மொட்டைமாடி உரிமையை பில்டர் தன்னிடம் வைத்திருப்பார். ஆனால் சட்டத்தைக் காட்டித் தரைத்தளத்துக்காரர்களிடம் பணம் வாங்குவதை நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வலிப்பது பணம் இல்லை, யாரும் எட்டிப் பார்க்காததுதான். கூட்டத்துக்கு முன், ஒரு மாலை மூன்றாம் மாடிக்காரரை அழைத்துக்கொண்டு தரைத்தள வீட்டுக்குப் போங்கள். சுவரில் போன மழையின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவர் பார்க்கட்டும். அப்புறம் தரைத்தளத்துக்காரரை மேலே கூட்டிப்போய் அந்தப் படுக்கையறையைக் காட்டுங்கள். நவராத்திரி வருகிறது, கொலுவுக்கு அழைப்பதே நல்ல சாக்கு.

கூட்டத்தில் மொட்டைமாடிக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று என்று தனித்தனித் தீர்மானம் கொண்டுவராதீர்கள். குழாய் சுத்தம், கிணறு, வால்வு, மூலை வெடிப்பு நான்கும் இந்த மாதம். தளம் முழுக்கச் சரி செய்வது பங்குனியில், அதற்கு இன்றிலிருந்தே எல்லா வீட்டிலும் மாதம் ஒரு தொகை. இதெல்லாம் ஒரே தீர்மானத்தில், ஒரே கையெழுத்தில் இருக்கட்டும். மினிட்ஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் கட்டைவிரல் போடுவது தீர்மானம் ஆகாது.

கடைசியாக, ஒரு தாள். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் போன் பல இடங்களில் வேலை செய்யவில்லை. அதனால் காகிதத்தில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். மீட்டர் ரூம் சாவி யாரிடம், தண்ணீர் ஏறினால் மெயினை அணைப்பது யார், லிஃப்டை மேல்மாடியில் நிறுத்துவது யார், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. கார்களை எப்போது மேடான இடத்துக்குக் கொண்டுபோவது என்றும் முன்பே பேசிவிடுங்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் போய்விடும். எந்த வீட்டில் இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, எங்கே பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள், யார் நிறைமாதம் என்பதை மட்டும் ஒட்டாமல் நீங்களும் இன்னும் இருவரும் தனியாக எழுதி வைத்திருங்கள். வாடகைக்கு இருப்பவர்களை இதில் விட்டுவிடாதீர்கள். ஓட்டு ஓனருக்குத்தான், ஆனால் தண்ணீர் வரும்போது வீட்டில் இருப்பது அவர்கள்.

வாட்ச்மேன் குடும்பம் பார்க்கிங்கை ஒட்டிய அறையில்தானே இருக்கும்? முதலில் நனைவது அவர்கள் பாய்தான். அந்த இரவு அவர்கள் எந்த வீட்டில் தங்குவார்கள் என்பதை இதே கூட்டத்தில் முடிவு செய்து, அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அப்போதைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அவர் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருப்பார்.

சாக்பீஸ் கோடு போட்ட அந்தப் போட்டோக்களை அழித்துவிடாதீர்கள். மழைக்காலம் முழுக்க நல்ல மழைக்கு ஒருமுறை எடுத்துச் சேருங்கள். பங்குனியில் தளம் போட காண்ட்ராக்டர் வரும்போது, எங்கே வாட்டம் மாற்ற வேண்டும் என்று அவரிடம் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அதுதான்.