35 மி.மீ. லென்ஸோடு அருகே போய்ப் பாருங்கள்

மூன்று வாரம் வெளிநாட்டில் சுற்றி 4,000 படங்களோடு திரும்பியும், மனிதர்கள் எல்லோரும் எட்டத்தில் நிற்கிற மாதிரியே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், தம்பி. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸை மட்டும் கொண்டுபோனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 200 மி.மீ.இல் தெருவின் மறுபக்கத்திலிருந்தே முகத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் பின்னணி கரைந்துவிடும், அந்த ஊரே படத்தில் இருக்காது.

அடுத்த முறை ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில், காட்சியை அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். முகமும் கையும் நிறைவாகத் தெரிய ஒன்றரை மீட்டருக்குள் போயாக வேண்டும், பேசாமல் இருக்க முடியாது. மொழி தெரியாவிட்டால் கேமராவைக் காட்டித் தலையசைத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒருமுறை செருப்புத் தைப்பவர் ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு அதை மறந்து, மெழுகு தடவிய நூலைப் பல்லில் கடித்து இழுக்க ஆரம்பித்தார். அன்று எடுத்ததில் அந்த ஒரு படம்தான் இன்றும் எனக்குப் பிடிக்கிறது.

அப்புறம், அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு) 5.6, ஷட்டர் 1/250 நொடி என்று வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) ஆட்டோவில் விட்டுவிடுங்கள். கண் கேமரா எண்களில் இல்லாமல் ஆளின் மேல் இருக்கட்டும்.