முதலாளிகள் கேட்கிறார்கள்: பணியிட விபத்தும் இழப்பீடும்

தொழில் நடத்துவோரிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்திற்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது. இழப்பீட்டுத் தொகையும் அறிவிக்க வேண்டிய காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவற்றை உங்கள் சட்ட ஆலோசகரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தொழிலாளி ஒருவர் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைத் தாமாகவே கழற்றினார். விரல் நுனியை இழந்துவிட்டார். தடுப்பைக் கழற்றக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம். தவறு அவருடையதாக இருக்கும்போது நான் இழப்பீடு தர வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தரத்தான் வேண்டியிருக்கும். ‘யார் தவறு’ என்ற வழக்கை ஒதுக்கிவைப்பதற்காகவே இழப்பீட்டுச் சட்டங்கள் பிறந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், காயம்பட்ட தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நிரூபித்தாலும், அவரும் கவனக்குறைவாக இருந்தார், ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார், விபத்துக்குக் காரணம் உடன் வேலை செய்தவர் என்ற மூன்று வாதங்களில் ஒன்றைச் சொல்லி முதலாளி தப்பிவிடலாம். மூன்றாவது வாதத்திற்கு 1837இல் வந்த ஒரு தீர்ப்பே வழிகோலியது. இதனால் பலர் வெறுங்கையுடன் திரும்பினார்கள். அதே வேளையில், எப்போதாவது ஒருவர் வென்றுவிட்டால் அந்தத் தொகை சிறிய முதலாளியை மூழ்கடிக்கும் அளவுக்கும் இருக்கக்கூடும். 1884இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், 1897இல் பிரிட்டன் இயற்றிய இழப்பீட்டுச் சட்டமும் வேறொரு பாதையைத் திறந்தன. தொழிலாளி யாருடைய தவறையும் நிரூபிக்க வேண்டியதில்லை; அதற்கு ஈடாக, அவருக்குக் கிடைக்கும் தொகைக்கு ஓர் அளவு உண்டு, பல நாடுகளில் முதலாளி மீது தனியாக வழக்குத் தொடுக்கும் உரிமையும் சுருங்கியது.

விதிவிலக்குகள் உண்டு. குடிபோதை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, தெரிந்தே விதியை மீறுவது ஆகியவை பல சட்டங்களில் இடம்பெறுகின்றன. ஆனால் இவை முதலாளிகள் நினைக்கும் அளவுக்கு அகலமான வாசல்கள் அல்ல. தொழிலாளி வேண்டுமென்றே கடுமையான ஒழுங்குமீறலில் ஈடுபட்டிருந்தாலும், அவர் இறந்துவிட்டால் அல்லது நிரந்தரமான பெரிய ஊனம் அடைந்தால் இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 1906ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டமே கூறியது. உங்கள் விஷயத்தில் சுவரில் எழுதியிருந்ததைவிட வேறு கேள்விகளே எடைபெறும். தடுப்பு எத்தனை நாட்களாகக் கழன்றிருந்தது, மேற்பார்வையாளர் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தாரா, தடுப்பை மாட்டிய நிலையில் அன்றைய உற்பத்தி இலக்கை எட்ட முடியுமா? முடியாது என்றால், அந்த வேகத்தைக் கேட்டது யார் என்ற கேள்வி உங்களிடமே வந்து நிற்கும்.

ஆகவே ஒரே விபத்துக்கு இரண்டு கோப்புகளைத் திறக்கும்படி எந்த முதலாளிக்கும் சொல்வேன். முதல் கோப்பில் சிகிச்சை, காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரிய அலுவலகத்துக்கும் அறிவிப்பு, ஊதியப் பதிவு, மருத்துவச் சான்று ஆகியவை மட்டும் இருக்கட்டும்; அது யாருடைய தவறுக்காகவும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. விபத்து ஏன் நடந்தது என்பது இரண்டாவது கோப்பு. இரண்டையும் கலந்தால், விசாரணை முடியும்வரை பணம் நிற்கும். உண்மையைச் சொன்னால் பணம் போய்விடும் என்று அஞ்சும் தொழிலாளி விசாரணையில் எதையும் சொல்ல மாட்டார். அப்போது இயந்திரம் பழையபடியே அடுத்தவரின் விரலுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: விபத்தே இல்லாத மாதத்திற்கு ஒவ்வொரு பிரிவுக்கும் பரிசு தருகிறோம். பதிவாகும் காயங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இதைத் தொடரலாமா?

பதில்: குறைந்தது காயமா, காயத்தைச் சொல்லும் வழக்கமா என்பதை முதலில் பாருங்கள். பிரிவு முழுவதற்கும் பரிசு என்றால், கையை வெட்டிக்கொண்டவர் அதைச் சொல்லித் தம் தோழர்களின் பரிசைக் கெடுக்க விரும்பமாட்டார். முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி தீர்ந்துபோகும் வேகம் குறையவில்லை, ஆனால் பதிவேடு மட்டும் வெறுமையாக இருக்கிறது என்றால் விடை கிடைத்துவிட்டது.

காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும் காயம் ஏற்படுத்தாத 300 நிகழ்வுகளும் இருக்கின்றன என்று 1931இல் எழுதினார். அந்த விகிதம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்று பின்னர் பலர் வாதிட்டனர். பெரும்பாலான விபத்துகளுக்குத் தொழிலாளியின் செயலே காரணம் என்ற அவருடைய முடிவும் இன்று ஐயத்துக்குரியதாகிவிட்டது. அவர் நம்பிய பதிவுகளை எழுதியவர்களில் மேற்பார்வையாளர்களும் அடங்குவர், அவர்கள் தங்கள் மீதே குற்றம் எழுதுவார்களா என்ன! ஆனால் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் காசில்லாமல் கிடைக்கும் எச்சரிக்கைகள் என்ற கருத்து இன்னும் நிற்கிறது. பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், தப்பிய நிகழ்வைத் தெரிவித்தவருக்கும், அதைக் கேட்டுக் குறையைச் சரிசெய்த மேற்பார்வையாளருக்கும் கொடுங்கள்.

கேள்வி: காப்பீட்டு பிரீமியம் ஏறிவிடும் என்பதால் சிறிய காயங்களுக்கு நாங்களே கையிலிருந்து மருத்துவச் செலவைக் கொடுத்து முடித்துவிடுகிறோம். இது தவறா?

பதில்: முன்பு கோரப்பட்ட இழப்பீடுகளின் எண்ணிக்கையையும் தொகையையும் பார்த்துப் பிரீமியத்தை ஏற்றி இறக்கும் முறை பல நாடுகளில் இருப்பதால் உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் பல இடங்களில் பணிக்காயத்தை அறிவிக்காமல் இருப்பதே சட்டமீறல். இன்று கையுறைக்குள் மறைந்த கீறல் சில வாரங்களில் சீழ்பிடித்து அறுவைச் சிகிச்சை வரை போனால், தாமதமாக அறிவித்த காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பின்வாங்கக்கூடும். முழுச் செலவும் உங்கள் தலையில் விழும். பிரீமியம் குறைய வேண்டுமென்றால் ஒரே இடத்தில், ஒரே வேலையில் திரும்பத் திரும்ப வரும் காயங்களைத் தேடிப் பிடியுங்கள். ஜெர்மனியின் 1884ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ஒரே தொழிலைச் சேர்ந்த முதலாளிகள் சங்கமாகக் கூடிச் செலவைப் பகிர்ந்தார்கள். அதே சங்கங்களுக்கு விபத்துத் தடுப்பு விதிகளை வகுக்கும் அதிகாரமும் இருந்தது. பணம் கட்டுகிறவர்களே தடுக்கும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

கேள்வி: தலைக்கவசம், கையுறை, காதடைப்பான் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டோம். எங்கள் கடமை முடிந்ததா?

பதில்: இல்லை; பாதுகாப்பு வரிசையில் அவை கடைசிப் படியில் இருப்பவை. முதலில் அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால், நச்சுக் கரைப்பான் கலந்த பசைக்குப் பதிலாக நீர் கலந்த பசையைப் பயன்படுத்துவது போல, ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்றாகக் கொண்டுவர வேண்டும். அடுத்தது தடுப்பு, காற்றுறிஞ்சி போன்ற பொறியியல் ஏற்பாடுகள். அதற்கும் பின்னரே பயிற்சியும் வேலைமுறை மாற்றங்களும் வருகின்றன. கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு நிமிடமும் தவறாமல் நடந்துகொள்வதை நம்பியே பாதுகாப்பு நிற்க வேண்டியிருக்கும்.

கருவியே ஆபத்தாக மாறுவதும் உண்டு. சுழலும் துளையிடும் இயந்திரத்தின் அருகில் துணிக் கையுறை அணிந்தால், துளைக்கும் கம்பி கையுறையைப் பற்றிக் கையையே உள்ளே இழுத்துவிடும். ‘எல்லோருக்கும் கையுறை கட்டாயம்’ என்று பொதுவாக ஆணையிடுவதற்கு முன் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் பாருங்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை கூறுகிறது. ஊதியத்தில் கையுறைக் காசைக் கழித்துவந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மூட்டை தூக்கும்போது இடுப்பில் பிடிப்பு ஏற்பட்டு ஒருவர் ஆறு வாரமாக விடுப்பில் இருக்கிறார். இலகுவான வேலை செய்யலாம் என்கிறார் மருத்துவர். அழைத்தால் வற்புறுத்துவதாக ஆகிவிடுமா?

பதில்: எப்படி அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண இடுப்புவலிக்கு நீண்ட நாள் படுக்கையில் கிடப்பதைவிட இயன்ற அளவு நடமாடுவதே நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. அதனால் முன்கூட்டியே திரும்புவது அவருக்கும் நன்மைதான். ஆனால் ‘இலகுவான வேலை’ என்ற இரண்டு சொற்களை நம்பி எதையும் தொடங்காதீர்கள். எத்தனை கிலோ தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எத்தனை முறை குனிய வேண்டும் என்று அந்த வேலையைத் தாளில் எழுதி மருத்துவரிடம் அனுப்பி, எது ஆகும், எது ஆகாது என்று எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கும் வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைப்பது அவமானமாகவே படும். பழைய ஊதியத்துக்கும் புதியதற்கும் வித்தியாசம் இருந்தால் அதை யார் ஈடுசெய்வது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூட்டை தூக்கும் அந்த இடத்தில் ஒரு தள்ளுவண்டியோ உயரத்தைச் சரிசெய்யும் மேசையோ வந்துவிட்டதா என்று அவர் பார்ப்பார். எதுவும் மாறவில்லை என்றால் திரும்பிவரத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

காயம் ஆறி நிலைபெறுவதற்கு முன் ‘முழுத் தீர்வு’ என்று ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். நிரந்தர ஊனத்தின் அளவை மருத்துவர் மதிப்பிடாத நிலையில் வாங்கும் அத்தகைய ஒப்பந்தங்கள் பல நாடுகளில் செல்லாது. செல்லும் இடங்களிலும் உரிய அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படலாம்.