கேரம் போர்டு வைத்தும் யாரும் ஆடவில்லையா? இடத்தை மாற்றிப் பாருங்கள்

பொருளை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். ஆபீஸின் ஒரு மூலையில் கேரம் போர்டு, பீன் பேக், எழுது சுவர் எல்லாம் வைத்து மூன்று மாதமாகியும் யாரும் பக்கத்தில் போவதில்லை என்கிறீர்கள். நீங்கள் போட்ட வரைபடத்தில் அந்த மூலை மேனேஜர் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கிறது. நிமிர்ந்தால் அவர் முகம். அங்கே உட்கார்ந்து யார் ஸ்டிரைக்கரைத் தட்டுவார்கள்?

டீ மெஷின் பக்கம் நகர்த்துங்கள். டீக்கு எப்படியும் எல்லோரும் எழுந்து வருவார்கள். டீ ஆறும் வரை நிற்கும் நேரத்தில்தான் பேச்சு தொடங்கும். அனிமேஷன் பட நிறுவனமான பிக்ஸார் அமெரிக்காவின் எமரிவில்லில் 2000-இல் திறந்த கட்டடத்தின் நடுக்கூடத்தில் உணவகத்தையும் தபால் பெட்டிகளையும் வைத்தது இதற்காகத்தான். வெவ்வேறு பிரிவுக்காரர்கள் தற்செயலாக எதிர்ப்பட வேண்டும் என்று அதன் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார்.

செலவு செய்யும் முன் ஒரு வாரம் போர்டை மட்டும் அங்கே வைத்துப் பாருங்கள். பவுடர் போட்டு, காய்களைப் பாதி ஆட்டத்தில் விட்டு வையுங்கள். மேனேஜரையும் ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள், அப்போதுதான் மற்றவர்களுக்குத் தயக்கம் போகும். எழுது சுவரைக் காலியாக விடாமல், டீம் இப்போது திணறும் ஒரு கேள்வியை எழுதி, மார்க்கரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அதன் பிறகும் யாரும் வரவில்லை என்றால் வேலைப் பளு அதிகமா என்று பாருங்கள். அதற்கு இன்டீரியரில் மருந்து கிடையாது.

ஒன்று மட்டும் கவனம்: போனில் பேசும் டீம் அருகில் இருந்தால் காய் சத்தம் தொந்தரவாகும். பவுடர் சிந்தினால் டைல்ஸ் வழுக்கும், அடியில் ஒரு பாய் விரியுங்கள்.