கனடா பிரதமர் பேச்சை நம்பி வண்ணாரப்பேட்டை வீட்டை அடமானம் வைக்கலாமா?

புது வண்ணாரப்பேட்டையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். டொரண்டோ பக்கம் ஒரு காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. முன்னாடியே போன பசங்க, "இந்த ஊர் அரசாங்கம் இன்னிக்கு ஒண்ணு சொல்லுது, நாளைக்கு அதையே மாத்துது, இங்க இருக்கிற ஜனங்களே செம கடுப்புல இருக்காங்க, வராதே"ங்கிறாங்க. பெரம்பூர் ஏஜென்ட், "முதல்ல ஃப்ளைட் ஏறு, மத்ததை அங்க போய்ப் பாத்துக்கலாம்"ங்கிறார். அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கத் தயாரா இருக்கார். யார் பேச்சைக் கேக்குறதுன்னு கேள்வி.

தம்பி, பசங்க சொல்றது பொய் இல்ல. ஏஜென்ட் சொல்றதுதான் ஆபத்து. கனடாவுல விதி மாறுறது நிக்கப் போறதில்ல. ஆனா எந்த விதி எந்தத் தேதியில உங்களுக்குன்னு உறுதியாகுதுன்னு தெரிஞ்சா, எதை நம்பிக் கடன் வாங்கலாம், எதை நம்பக் கூடாதுன்னு நீங்களே பிரிச்சிடலாம்.

முதல்ல அந்தக் கடுப்பு எங்கேருந்து வருதுன்னு பாத்துடுவோம். கனடாக்காரங்க கோபம் குடியேற்றத்தோட நிக்கிற கோபம் இல்ல. 2015 தேர்தல்தான் பழைய ஓட்டு முறையில நடக்கிற கடைசித் தேர்தல்னு லிபரல் கட்சித் தலைவர் ட்ரூடோ வாக்கு கொடுத்தார். 2017 பிப்ரவரியில அதைக் கைவிட்டார். 2024 ஏப்ரல் பட்ஜெட்ல, தனி ஆளுக்கு வருஷம் 2,50,000 டாலருக்கு மேல வர்ற மூலதன லாபத்துல பாதிக்குப் பதிலா மூணுல ரெண்டு பங்குக்கு வரின்னாங்க, ஜூன் 25 முதல் அமல்னாங்க. அந்தத் தேதிக்கு முன்னாடி வித்துடணும்னு பலர் அவசர அவசரமா சொத்தையும் பங்கையும் வித்து வரி கட்டினாங்க. சட்டமே நிறைவேறல. 2025 ஜனவரி 31ல தள்ளி வச்சாங்க, மார்ச் 21ல ரத்துன்னுட்டாங்க. வித்தவங்க வித்ததுதான். பெட்ரோல் மேல இருந்த கார்பன் வரியை வருஷக்கணக்கா விட்டுக்கொடுக்காம வாதாடின அதே லிபரல் கட்சி, கார்னி பிரதமரான முதல் நாள், 2025 மார்ச் 14ல, அதை எடுத்தது. லிட்டருக்குச் சுமார் 17.6 சென்ட் குறைஞ்சது; மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேங்க் கணக்குல விழுந்த திருப்பித் தொகையும் அந்த ஏப்ரலோட நின்னுச்சு. வரி நல்லதா கெட்டதாங்கிறது வேற பேச்சு. சொன்னதை நம்பித் திட்டம் போட்டவன் ஏமாந்தான்ங்கிறதுதான் அவங்க எரிச்சல், அது நியாயமான எரிச்சல்னுதான் நானும் நினைக்கிறேன்.

குடியேற்றத்துல இதே கதை இன்னும் வேகமா நடந்துச்சு. 2023 நவம்பர்ல, 2025க்கு 5,00,000 பேருக்கு நிரந்தர வசிப்புரிமைன்னு (பி.ஆர்.) இலக்கு வச்சாங்க. 2024 அக்டோபர் 24ல அதே வருஷத்துக்கு 3,95,000ன்னு வெட்டினாங்க. நடுவுல ஒரு வருஷம்கூட முழுசா போகல.

உங்களைத் தொடுற விஷயத்துக்கு வர்றேன். மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வெளிய வேலை பாக்கலாம்ங்கிறதை எடுத்துக்குங்க. ரொம்ப நாளா 20 மணி நேரம். 2022 நவம்பர் 15லேருந்து வரம்பே இல்லன்னாங்க, 2023 டிசம்பர் 31 வரைக்கும். அது முடிய மூணு வாரம் இருக்கும்போது 2024 ஏப்ரல் 30 வரைன்னு நீட்டினாங்க. ஏப்ரல் 29ஆம் தேதி, முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது, இனி நீட்டிப்பு கிடையாதுன்னாங்க. மே 1லேருந்து மறுபடி 20. செப்டம்பர்லேருந்து 24 ஆகும்னு சொன்னது நவம்பர் 8லதான் வந்துச்சு. 40 மணி நேரச் சம்பளத்தை நம்பி ஃபீஸ் கட்டிக்கிட்டிருந்த பசங்களுக்கு ஒரே ராத்திரியில வருமானம் பாதி. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு: அந்தத் தளர்வு முதல் நாள்லேருந்தே "தற்காலிகக் கொள்கை"ன்னு, முடியுற தேதியோட எழுதப்பட்டிருந்துச்சு. 20 மணி நேரம்ங்கிறது விதிமுறையில இருந்துச்சு. தேதி போட்ட சலுகையை மேல போட்ட போர்வையாத்தான் பாக்கணும். அது இல்லாமலும் குளிர் தாங்குமான்னு பாத்துட்டுத்தான் கிளம்பணும்.

இன்னிக்குக் கணக்கு இப்படி. ஒன்டாரியோ குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் 1லேருந்து மணிக்கு 17.60 டாலர். 24 மணி நேரத்துக்கு 422 டாலர், பிடித்தம் போறதுக்கு முன்னாடி. அறை வாடகை, பஸ், சாப்பாட்டுலயே அது கரைஞ்சிடும். ஃபீஸுக்கு அதுலேருந்து ஒரு காசுகூட கணக்குல எடுக்காதீங்க. வரம்பு வாரத்துக்கு வாரம்தான். இந்த வாரம் 18, அடுத்த வாரம் 30, சராசரி 24ன்னு சமாளிக்க முடியாது. ரெண்டு இடத்துல வேலை பாத்தா ரெண்டையும் கூட்டணும். காலேஜ் அட்டவணையில இருக்கிற விடுமுறையில மட்டும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் முழுநேர மாணவரா இருந்தா, வரம்பு இல்ல.

ஏஜென்ட் வார்த்தை ஏன் ஆபத்துன்னா, "அங்க போய் காலேஜ் மாத்திக்கலாம்"ங்கிற பழைய வித்தை 2024 நவம்பர் 8லேருந்து செல்லாது. வேற காலேஜுக்கு மாறணும்னா புது ஸ்டடி பெர்மிட்டே (படிக்கிறதுக்கான அனுமதி) வாங்கணும். அரசு காலேஜ் பேர்ல தனியார் கட்டடத்துல நடக்கிற படிப்பு இருக்கே, அதுக்கும் படிப்புக்கு அப்புறம் கிடைக்கிற வேலை அனுமதி கிடையாது. அதுலயும் ஒரு கூத்து: முதல்ல 2024 செப்டம்பர் 1லேருந்துன்னு அறிவிச்சாங்க, அப்புறம் தேதியை முன்னாடி இழுத்து, மே 15 அல்லது அதுக்கு அப்புறம் சேர்றவங்களுக்கே இல்லன்னாங்க. தள்ளித்தான் போகும்னு நினைக்காதீங்க, முன்னாலயும் வரும்.

படிப்புப் பட்டியல் இதைவிட மோசம். பட்டப் படிப்பு தவிர்த்த டிப்ளமோ மாதிரி படிப்புகளுக்கு, 2024 நவம்பர் 1லேருந்து ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிச்சவங்க படிப்பு அரசாங்கப் பட்டியல்ல இருந்தாதான் பி.ஜி.டபிள்யூ.பி., அதாவது அந்த வேலை அனுமதி. 2025 ஜூன் 25ல பட்டியல்லேருந்து 178 படிப்பை எடுத்தாங்க, 119 சேத்தாங்க. ஜூலை 4ல, பத்து நாள்கூட ஆகல, எடுத்த 178ஐயும் திரும்ப உள்ள வச்சு, நீக்கத்தை 2026 தொடக்கத்துக்குத் தள்ளினாங்க. ஆனா ஒரு பிடிமானம் இருக்கு. ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிற அன்னிக்குப் பட்டியல்ல இருந்தா போதும், படிச்சு முடிக்கிறப்ப இல்லாமப் போனாலும் உங்களுக்குச் செல்லும். அதனால காலேஜுக்கு மெயில் போட்டு, படிப்பு எந்த வகைன்னு காட்டுற ஆறு இலக்க சி.ஐ.பி. எண்ணை எழுத்துல வாங்குங்க. படிப்புப் பேர் மட்டும் பத்தாது. ஒரே பேர்ல ரெண்டு காலேஜ் ரெண்டு எண்ணு வச்சிருக்கும். விண்ணப்பிக்கிற அன்னிக்கே அந்தப் பட்டியல் பக்கத்தைத் தேதி தெரியுற மாதிரி பிடிஎஃப்பா சேமிச்சு வைங்க.

அதே வேலை அனுமதிக்கு ஆங்கிலத் தேர்வும் வேணும். கனடாவோட மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.யில காலேஜ் படிப்புக்கு 5, பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 7. அட்மிஷனுக்காக நீங்க எழுதின ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் இதுக்கு எடுபடாது. ஜெனரல் டிரெய்னிங்தான் எழுதணும், இல்லன்னா செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர். மதிப்பெண் ரெண்டு வருஷம்தான் செல்லும், அதனால இப்பவே எழுதாதீங்க. கடைசி செமஸ்டர்ல எழுதுங்க.

அறிவிப்பு வந்ததும் எதைப் படிக்கிறதுன்னு கேப்பீங்க. டிவியில அமைச்சர் பேசினது விதி இல்ல. வாட்ஸ்அப்ல வர்ற வீடியோ சுத்தமா இல்ல. குடியேற்றத் துறை தளத்துல அறிவிப்பு, அதுக்குக் கீழ அதிகாரிகளுக்கான நடைமுறைக் குறிப்பு, ரெண்டும் வரும். ரெண்டாவதுலதான் சங்கதி இருக்கும்: எந்த நாள், எத்தனை மணி, யாருக்கு, முன்னாடியே விண்ணப்பிச்சவங்க கதி என்ன. மணியை லேசா விடாதீங்க. இந்தியா மாதிரி நாடுகளுக்கு இருந்த வேக விசா வழியான எஸ்.டி.எஸ். 2024 நவம்பர் 8 மதியம் 2 மணிக்கு மூடப்பட்டுச்சு, அறிவிச்ச அதே நாள். அது கனடா கிழக்கு நேரம். தண்டையார்பேட்டையில அப்ப நடுராத்திரி 12.30. 2 மணிக்கு முன்னாடி சமர்ப்பிச்சவங்க பழைய வழியிலயே போனாங்க. நவம்பர் 8ன்னாலே நம்ம ஊருக்கு ஞாபகம் வர்றது 2016தான். நோட்டு மாத்துற வரம்பு 4,000, அப்புறம் 4,500, அப்புறம் 2,000, கடைசியில 24ஆம் தேதியோட கவுன்டர்ல மாத்துறதே நின்னுச்சு. வரிசையில நின்னவனுக்கு முன்னாடியே நின்னேன்ங்கிறதால எந்தப் பாதுகாப்பும் இல்ல. கனடாவுல பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு இருக்கு, விண்ணப்பம் முழுசா இருந்தா.

அந்த "முழுசா"தான் நிறையப் பேருக்குச் சறுக்குற இடம். கட்டாயமான தாள் ஒண்ணு குறைஞ்சா, பரிசீலிக்காமலே திருப்பி அனுப்பலாம். அப்ப நீங்க விண்ணப்பிச்சதாவே கணக்கு இல்ல, பழைய தேதி போச்சு. காலேஜ் டிப்ளமோவுக்கு மாகாண ஒப்புதல் கடிதம், பி.ஏ.எல்., வேணும், அதுக்கும் காலாவதித் தேதி உண்டு. (முதுகலைக்கு இது 2024ல வேண்டாம், 2025ல வேணும், 2026 ஜனவரி 1லேருந்து அரசு பல்கலைக்கழகமா இருந்தா மறுபடி வேண்டாம். சிரிக்கிறதா அழுவுறதா தெரியல.) விண்ணப்பக் கட்டணம் 150 டாலர், கைரேகைக்கு 85. பாஸ்போர்ட் எவ்வளவு நாள் செல்லுமோ அதைத் தாண்டி பெர்மிட் தர மாட்டாங்க. ரெண்டு வருஷப் படிப்புக்குப் பாஸ்போர்ட்ல ஒண்ணரை வருஷம்தான் மீதின்னா, முதல்ல புதுப்பிச்சுட்டு அப்புறம் விண்ணப்பிங்க. காவல்துறை சான்றிதழ் இப்பவே எடுத்து வைன்னு சொல்லி ஏஜென்ட் காசு கேட்டா கொடுக்காதீங்க. பி.ஆருக்கு, இந்தியாவுல கடைசியா வசிச்சதுக்கு அப்புறம் எடுத்ததுதான் செல்லும்.

இனி பணம். தனி ஆளுக்கு, முதல் வருஷ ஃபீஸும் பயணச் செலவும் போக, 22,895 டாலர் காட்டணும். 2025 செப்டம்பர் 1லேருந்து இந்தத் தொகை, 2023 வரைக்கும் இது 10,000தான். நம்ம காசுக்குச் சுமாரா 15 லட்சம். ஜி.ஐ.சி., அதாவது கனடா பேங்க்ல முன்கூட்டியே போடுற வைப்புத் தொகை, இப்ப கட்டாயம் இல்ல. வங்கிக் கல்விக் கடன் கடிதமும் ஏத்துக்குவாங்க, நாலு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஏத்துக்குவாங்க.

7.5 லட்சத்துக்கு மேல போனா அரசு வங்கிகள் பொதுவா சொத்து கேக்கும். வடசென்னையில இங்கதான் மாட்டுவாங்க. குடிசை மாற்று வாரிய ஒதுக்கீட்டு வீடா இருந்து கிரயப் பத்திரம் வாங்காம விட்டிருந்தா, அந்த ஒதுக்கீட்டு ஆணையை பேங்க் தொடாது. தாத்தா பேர்லயே பத்திரம் இருந்து அத்தை, சித்தப்பா எல்லாரும் உயிரோட இருந்தா, எல்லார் கையெழுத்தும் வேணும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா இதெல்லாம் எடுத்து பேங்க் வக்கீல் பாத்து முடிக்க வாரக்கணக்கு ஆகும். அதனால ஆஃபர் லெட்டர் வந்த அன்னிக்கே ஆரம்பிங்க. ஆனா அடமானப் பதிவை அவசரப்பட்டுப் போடாதீங்க. முதல்ல கடன் ஒப்புதல் கடிதம் மட்டும் வாங்கி, அதை விசாவுக்குக் காட்டுங்க. பத்திரத்தை ஒப்படைச்சுப் பதிவு பண்றதை விசா வந்த அப்புறம் வச்சுக்கலாமான்னு மேனேஜர்கிட்ட நேரா கேளுங்க. ஃபீஸ் முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி, விசா மறுத்தா எவ்வளவு பிடிச்சுக்கிட்டு எத்தனை நாள்ல திருப்பித் தருவாங்கன்னு காலேஜ்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க.

அப்பாகிட்ட கணக்கு இப்படிச் சொல்லுங்க: படிச்சு முடிச்சுட்டு பி.ஆர். கிடைக்கவே இல்லன்னு வைங்க. பி.ஜி.டபிள்யூ.பி. காலத்துல சம்பாதிச்சு மட்டும் இந்தக் கடனை அடைக்க முடியுமா? முடியும்னா வாங்க. பி.ஆர். கிடைச்சாதான் அடையும்னா, வீட்டை வைக்காதீங்க. மதிப்பெண் பாத்து பி.ஆருக்கு ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில வேலை வாக்குறுதிக்கு 50 இல்லன்னா 200 மதிப்பெண் இருந்துச்சு. அதை நம்பி வேலைக் கடிதத்துக்கே காசு கொடுத்தவங்க உண்டு. 2025 மார்ச் 25ல அத்தனையும் பூஜ்யம். அழைப்பு ஏற்கெனவே வாங்கினவங்க தப்பிச்சாங்க, வரிசையில காத்திருந்தவங்க போனாங்க.

வந்த பிறகு இந்த ஊர்க்காரங்க அரசாங்கத்தைத் திட்டுறதைக் கேட்டா உடனே கூடச் சேர்ந்து திட்ட வேண்டாம், எதிர்த்துப் பேசவும் வேண்டாம். வாடகை ஏறினதுக்கு மாணவர்கள்தான் காரணம்னு நினைக்கிறவர் பக்கத்துல வேலை பாக்க வேண்டி வரும். ஆள் மேல இருக்கிற கோபம் இல்ல அது, பெரும்பாலும். ஓட்டு இல்லாட்டியும் உங்களுக்கு வழி இருக்கு. நீங்க குடியிருக்கிற தொகுதி எம்.பி. அலுவலகம் குடியுரிமை பாக்காம உதவும். விண்ணப்பம் மாசக்கணக்கா நகரலன்னா அங்க போய் ஒரு ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டா, அவங்க துறைகிட்ட கேப்பாங்க. தீர்ப்பை மாத்த முடியாது, எங்க நிக்குதுன்னு தெரியும். நாடாளுமன்றத்துக்குக் கடிதம் அனுப்பத் தபால் தலை வேண்டாம். இணைய மனுவுல கனடாவுல வசிக்கிற யாரும் கையெழுத்துப் போடலாம். 500 கையெழுத்து சேர்ந்தா அவையில வைக்கலாம், அரசாங்கம் பதில் சொல்லியாகணும்.

ஏஜென்ட்கிட்ட கடைசியா ஒண்ணு கேளுங்க: காசு வாங்கிக்கிட்டு உங்களுக்காக விண்ணப்பிக்க கனடா உரிமம் இருக்கா, ஆர்.சி.ஐ.சி. எண் (உரிமம் வாங்கின ஆலோசகரோட எண்) என்னன்னு. ஆலோசகர்களுக்கு உரிமம் தர்ற அமைப்பான குடியேற்ற ஆலோசகர் கல்லூரியோட பொதுப் பதிவேட்டுல அந்த எண்ணைப் போட்டா ஆள் பேர் வரும். எண் தர இழுத்தா, விண்ணப்பத்தை உங்க சொந்தக் கணக்குலேருந்து நீங்களே போடுங்க; பாஸ்வேர்டை யார்கிட்டயும் கொடுக்காதீங்க.