வெண்கலச் சிலை மேக்கப்: தங்கப் பொடியைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஆறு வருடமாக மணப்பெண் மேக்கப் செய்கிறேன். முதல் முறையாக ஒரு ஃபேஷன் இதழின் ஷூட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மாடலின் முகம், கழுத்து, தோள், கைகள் எல்லாம் பழைய வெண்கலச் சிலை போல இருக்க வேண்டுமாம். ஸ்டேஷனரி கடையில் தங்க நிற அக்ரிலிக் பெயிண்டும் தங்கப் பொடியும் வாங்கி என் கையில் பூசிப் பார்த்தேன். மாறுவேடப் போட்டி மாதிரிதான் இருக்கிறது, காய்ந்ததும் வெடிக்கிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் அந்த இரண்டையும் மாடலிடமிருந்து தள்ளி வையுங்கள். அக்ரிலிக் பாட்டிலில் 'நச்சு இல்லை' என்று போட்டிருந்தாலும், தோலில் பூசி மணிக்கணக்கில் விட்டுவைக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. காய்ந்ததும் அது பிளாஸ்டிக் தாள் போல ஆகிவிடும், உரிக்கும்போது முடியையும் தோலையும் சேர்த்து இழுக்கும். கைவினைக் கடையில் விற்கும் தங்கப் பொடி பல சமயம் செம்பும் துத்தநாகமும் கலந்த உண்மையான உலோகத் தூள். மூக்கருகே கொண்டுபோகக் கூடாத பொருள் அது. வேஷம் கட்டுவதை நாம் 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பதே ஆர்சனிக் உள்ள மஞ்சள் கனிமத்தின் பெயர்தான். எதைப் பூசுகிறோம் என்று கேட்காமல் பூசும் பழக்கம் நம்மோடு முடியட்டும். அழகுசாதனத் தரத்தில் வரும் மைக்கா பொடி (மினுங்கும் கனிமத் தூள்) வாங்குங்கள், மிக நைஸான ரகமாக. துகள் பெரிதானால் உலோகம் தெரியாது, ஜிகினாதான் தெரியும்.

இப்போது உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். வெண்கலம் தங்க நிறம் இல்லை. முடிந்தால் ஷூட்டுக்கு முன் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கோ போய், சோழர் காலச் செப்புத் திருமேனிகள் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். உடம்பின் பெரும்பகுதி கரும்பழுப்பாக இருக்கும். இடுக்குகளில் கொஞ்சம் பச்சை. மூக்குத் தண்டு, கன்னமேடு, தோள் முனை, விரல் கணு என ஒளி விழும் இடங்களில் மட்டும் மெல்லிய மினுக்கம். அந்த இருட்டுதான் மினுக்கத்தை உலோகமாகக் காட்டுகிறது. நீங்கள் தங்கத்தில் தொடங்கியதால், அதற்கு மேலே போக இடமில்லாமல் போய்விட்டது.

ஆக, வரிசையைத் திருப்புங்கள். தோலில் எண்ணெய், லோஷன் எதுவும் இல்லாமல் முதலில் கரும்பழுப்பு. அதை ஸ்பாஞ்சால் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி மெல்லியதாக இரண்டு பூச்சு. வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கனம்தான். காது மடல் பின்புறம், கண் ஓரம், மூக்குத் துவாரத்தின் விளிம்பு, கழுத்து எலும்புக் குழி, விரல் இடுக்கு ஆகியவற்றில் கருமையும் கரும்பச்சையும். காய்ந்த பிறகு, விரல் நுனியில் துளி மைக்கா எடுத்து, மேடான இடங்களை மட்டும் தொடுங்கள். போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுங்கள். முழங்கையை, படத்தில் எந்த வளைவில் இருக்கப்போகிறதோ அப்படியே மடக்கி வைத்துப் பூசுங்கள். ஒரு முறை நான் கையை நீட்டி வைத்துப் பூசிவிட்டேன். மாடல் இடுப்பில் கை வைத்ததும் முழங்கை வறண்ட ஏரி மாதிரி வெடித்துவிட்டது.

எந்தப் பெயிண்ட்? தோலுக்கென்றே வரும் பாடி பெயிண்டில், கைக்கும் தோளுக்கும் ஆல்கஹாலில் கரையும் வகை நல்லது. வியர்வைக்கு அசையாது, துணியிலும் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் கண், உதடு அருகே அதை வைக்கவே வேண்டாம். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. முகத்துக்குத் தண்ணீரில் கரையும் வகை. இரண்டும் நிறத்தில் கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும். தாடைக் கோட்டில் ஒன்றின் மேல் ஒன்றை மங்கலாக இறக்கி, இரண்டு பக்கமும் ஒரே மைக்காவைப் போட்டால் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டையும் மாடலின் முழங்கை உட்புறத்தில் குறைந்தது 24 மணி நேரம் முன்பு பூசிச் சோதியுங்கள். ஷூட் அன்று அவர் வாக்ஸிங் செய்துகொண்டு வரக் கூடாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மணப்பெண் மேக்கப்பில் நமக்குக் கண்ணாடிதான் நீதிபதி. இங்கே கேமரா. போட்டோகிராபரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: முக்கிய லைட் எந்தப் பக்கமிருந்து வரும்? நீங்கள் வரைந்த நிழலும் அவர் போடும் நிழலும் எதிரெதிராக விழுந்தால் முகம் அழுக்காகத்தான் தெரியும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் வைத்தால் மைக்கா ஒரே சீரான பளபளப்பாக ஓடும். சின்ன லைட்டை நேராக அடித்தால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். பாதி வேலை முடிந்ததும் மாடலை அந்த லைட்டில் நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்கத் தயங்காதீர்கள், நல்ல போட்டோகிராபர் இதை விரும்புவார்.

அப்புறம் நகை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிலையில் உடம்பும் நகையும் ஒரே உலோகம், ஒரே வார்ப்பு. வெண்கல உடம்பின் மேல் பளபளக்கும் டெம்பிள் ஜுவல்லரியை மாட்டினால், பெயிண்ட் பூசிய பெண் நகை போட்டிருக்கிறாள் என்றுதான் படம் சொல்லும். விலை மலிவான கவரிங் நகை வாங்கி, அதே பழுப்பு, அதே மினுக்கம் கொடுங்கள். நீங்கள் வாங்கிய அக்ரிலிக் பெயிண்டை இதற்குப் பயன்படுத்தலாம். முன்பக்கம் மட்டும் பூசி, முந்தைய நாளே நன்றாகக் காயவிடுங்கள். தலைமுடிக்கும் இதே விதிதான். கறுப்பு முடி தொடங்கும் இடத்தில் சிலை முடிந்துவிடும். ஜெல் போட்டு இழுத்துக் கட்டி, அதன் மேலும் நிறம் ஏற்றுங்கள்.

இன்னொன்றையும் இதழ்க்காரர்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: சிலையா, சாமியா? உலோகமும் நிற்கும் நளினமும் போதும் என்றால் தாராளமாகச் செய்யலாம். குறிப்பிட்ட ஒரு தெய்வத்தின் கோலம் என்றால், கோயிலில் அந்தத் திருமேனியை வணங்குகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். நானாக இருந்தால் அதைத் தவிர்ப்பேன்.

தனி ஆளாக இதற்கு எனக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். முதல் முறை உங்களுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டு பேசுங்கள், ஒரு ஒத்திகை நாளுக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள். மாடல் முன்பக்கம் பட்டன் வைத்த பழைய சட்டை போட்டு வரட்டும். தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா வையுங்கள். பூசிய தோல் ஏசியில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், நடுங்கினால் வேலையை நிறுத்தி ஒரு போர்வை கொடுங்கள். கடைசிப் படம் எடுத்ததும் அவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். முகத்தை மிதமான சோப்பும் தண்ணீரும் கழுவிவிடும். கைக்கு அந்தப் பெயிண்டுக்கென்றே வரும் எண்ணெய் ரிமூவரைத் தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். உடன் இருந்து, காதுக்குப் பின்னால் இருப்பதையும் நீங்களே எடுத்துவிடுங்கள்.