அம்பாப் பாட்டைக் கட்டியவர் பெயர் ஏன் நமக்குத் தெரிவதில்லை?

அம்பா என்பது மீனவர்கள் வேலை செய்துகொண்டே பாடும் பாட்டு. ராமநாதபுரம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ', 'ஐலசா' என்று வாங்கிப் பாடுவார்கள். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் இழுக்க அந்தத் தாளம் வேண்டும்.

அந்த முதல் குரலுக்குரியவரைப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றியிருக்கிறார், ஈரக்கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, அன்றைய காற்றையும் வீட்டுக் கடனையும் நின்ற இடத்திலேயே வரியாகக் கட்டுகிறார். கிடைப்பதோ மீனில் ஒரு பங்கு. பாட்டுக்கென்று காசு கிடையாது. மீன்பாடு இல்லாத நாளில் பங்கும் இல்லை.

பாட்டு காகிதத்தில் ஏறாததால் பெயர் நிற்கவில்லை. ஆச்சி வைத்த மீன்குழம்பு மாதிரிதான்: பக்குவம் தெரு முழுக்கப் பரவும், அவர் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. அப்புறம், வலை இழுக்க இயந்திரம் வந்த கரைகளில் பாட்டுக்கே வேலை போனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது எத்தனை பாட்டுகள் போயினவோ, நினைத்தால் மனசு கனக்கிறது.

'நாட்டுப்புறப் பாட்டு தானாக உருவானது, அதற்கு ஆசிரியரே இல்லை' என்று பலர் சொல்வது சரியல்ல. ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் முதலில் பாடியிருக்கிறார்.